நடுவில் தொய்ந்த ‘வைகை’: 208 குமிழ் நீள விண்கப்பலில் என்ன தவறு நடந்தது?

2024 சித்திரைத் திருவிழா முடிந்த வாரம் அது. மாடியறைக் கதவைத் திறந்து விளக்கைப் போட்ட என் மகள், “அப்பா, கப்பல் சிரிக்குதுப்பா” என்று கத்தினாள். ஓடிப்போய்ப் பார்த்தேன். பக்கவாட்டில் இருந்து பார்த்தால் நிஜமாகவே சிரிப்புதான். மூக்கும் வாலும் மேலே நிற்க, நடு வயிறு கீழே இறங்கியிருந்தது. அடிப்பக்கம் கையை விட்டுத் தடவினேன். சரியாக நடுவில் ஒரு பிளவு. ஏடிஎம் கார்டை எடுத்துச் செருகிப் பார்த்தேன், நுழைந்தது.

லெகோ என்கிற பிளாஸ்டிக் பொம்மைக் கட்டைகளால் நானும் மகளும் கட்டிய விண்கப்பல் மாடல். மூன்று வருட உழைப்பு அது. அது ஏன் தொய்ந்தது, யாரைச் சந்தேகப்பட்டேன், கடைசியில் குற்றவாளி யார் என்று எழுதிவைக்கிறேன். இதே கிறுக்கு உள்ள இன்னொருவருக்குப் பயன்படலாம்.

எதைக் கட்டினோம்

லெகோ கட்டையின் மேல் துருத்திக்கொண்டிருக்கும் வட்டப் பொத்தானை ஸ்டட் என்பார்கள். எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் குமிழ். ஒரு குமிழ் நடுவிலிருந்து அடுத்த குமிழ் நடுவுக்கு 8 மில்லிமீட்டர். டென்மார்க்கில் பில்லுண்ட் என்ற சின்ன ஊரில் 1958 ஜனவரி 28 அன்று காப்புரிமைக்கு விண்ணப்பித்த கட்டைக்கும் இன்றைக்கு வாங்கும் கட்டைக்கும் இந்த அளவு ஒன்றுதான். கட்டையின் உயரம் 9.6 மி.மீ. பிளேட் என்கிற தட்டைத் துண்டு அதில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 3.2 மி.மீ. இந்த மூன்று எண்ணும் மனப்பாடம் ஆகிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

விண்கப்பல் கட்டுகிறவர்களிடம் ஒரு கணக்கு உண்டு. 100 குமிழ் நீளத்தைத் தாண்டினால்தான், அதாவது 80 சென்டிமீட்டரைத் தாண்டினால்தான், அது ‘ஷிப்’. அந்த ஆங்கிலச் சொல்லின் நான்கு எழுத்துக்கும் ‘உதிரிகளில் கொட்டிய மாபெரும் முதலீடு’ என்று விரிவு கொடுத்துத் தங்களையே கேலி செய்துகொள்வார்கள். ஒவ்வொரு செப்டம்பரிலும் ஒரே மாதத்துக்குள் இப்படி ஒரு கப்பலை முடிப்பதை உலகம் முழுக்கப் பலர் ஒரு வேண்டுதல் மாதிரிச் செய்கிறார்கள். ஒரு மாதத்தில் முடிக்கிற ஆள் நான் இல்லை. மதுரை தெற்கு மாசி வீதியில் ஒரு ஜவுளி மொத்தக் கடையில் கணக்கு எழுதுகிறேன். தீபாவளி, பொங்கல் சீசனில் வீட்டுக்கு வருவதே ராத்திரி பதினோரு மணிக்கு.

எங்கள் கப்பல் 208 குமிழ் நீளம். 1 மீட்டர் 66 சென்டிமீட்டர். என் மனைவியைவிட நாலு விரல்கடை உயரம் என்று அவள்தான் அளந்து சொன்னாள். சுமார் 11,400 துண்டுகள். தண்ணீரே இல்லாமல் ஓடுகிற கப்பல் என்பதால் மகள் வைத்த பெயர் ‘வைகை’.

செலவைக் கேட்பார்கள், சொல்லிவிடுகிறேன். மூன்று வருடத்தில் ஒரு லட்சத்தைத் தாண்டியது. 2020 பிப்ரவரியில் பொம்மைகளுக்கான இறக்குமதி வரி 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது. 2023-ல் 70. அதனால் புதுப் பெட்டி வாங்குவதை விட்டுவிட்டு, வளர்ந்த பிள்ளைகள் கைவிட்ட பழைய கட்டைகளைக் கிலோ கணக்கில் வாங்கினோம். சிங்கப்பூரில் இருக்கும் மச்சினன் வரும்போதெல்லாம் பெட்டியில் ஒரு மூலை எங்களுக்கு. பற்றாக்குறைக்கு, அச்சு அசல் அதே மாதிரி இருக்கும் வேறொரு நிறுவனத்தின் பிளேட்டுகளும் வாங்கினேன். கட்டையின் காப்புரிமை எப்போதோ காலாவதியாகிவிட்டதால் இப்படி யார் வேண்டுமானாலும் செய்யலாம். தவறு அங்கேயே தொடங்கிவிட்டது என்று அப்போது தெரியாது.

தோல்

தொய்வுக்கு வருவதற்கு முன் தோலைப் பற்றிக் கொஞ்சம். எனக்குப் பிடித்த பகுதி இது.

பெரிய விண்கப்பல் மாடல் வெறும் தட்டையாக இருந்தால் சோப்புப் பெட்டி மாதிரி இருக்கும். குழாய், கம்பி, பெட்டி, சக்கரம் என்று பொடிப்பொடியாக எதையாவது ஒட்டினால்தான் கண்ணுக்கு அதன் அளவு புரியும். ஹாலிவுட்டில் மாடல் செய்கிறவர்கள் இந்தப் பொடி வேலைக்கு கிரீபிள் என்று பெயர் வைத்தார்கள். சினிமாவுக்காக டாங்கி, கப்பல் பொம்மை செட்டுகளை உடைத்து அந்த உதிரிகளைத்தான் ஒட்டியிருக்கிறார்கள்.

நான் ஆசை ஆசையாக இரண்டு மாதம் கிரீபிள் ஒட்டினேன். ஒரு அங்குலம் விடவில்லை. மகள் வந்து பார்த்தாள். “கப்பல் மாதிரி இல்லப்பா, பழைய இரும்புக் கடை மாதிரி இருக்கு.” கோபம் வந்தது. ஆனால் அவள் சொன்னது சரி.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மீனாட்சியம்மன் கோயிலுக்குப் போனோம். உள்ளே போனுக்கு அனுமதி கிடையாது என்பதால், வெளியே தெற்குச் சித்திரை வீதியில் நின்று நோட்டில் கோபுரத்தை வரைந்தாள். தெற்குக் கோபுரம் சுமார் 170 அடி, ஒன்பது நிலை. அத்தனை சுதைச் சிற்பம் நெருக்கியடித்து நிற்கிறது, ஆனாலும் கண் வலிக்கவில்லை. ஏன் என்று அவள் வரைந்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. ஒவ்வொரு நிலைக்கும் இடையில் கபோதம் என்கிற கூரைவிளிம்பு ஒன்று கிடையாக ஓடுகிறது. கண் அங்கே உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டு அடுத்த வரிசைக்கு ஏறுகிறது. அப்புறம் மேலே போகப்போக ஒரே வடிவம்தான், அளவு மட்டும் சிறுக்கிறது.

வீட்டுக்கு வந்து கிரீபிளில் பாதியைப் பிடுங்கினோம். பதினாறு குமிழுக்கு ஒருமுறை வழவழப்பான டைல் துண்டுகளால் கப்பலைச் சுற்றி ஒரு பட்டை. பட்டைக்கும் பட்டைக்கும் நடுவில் மட்டும் பொடி வேலை, வாலிலிருந்து மூக்கை நோக்கிச் சிறுத்துக்கொண்டே வரும்படி. பார்க்கிறவர்களுக்குக் கோபுரம் ஞாபகம் வராது. ஆனால் கப்பல் திடீரென்று இரண்டு மடங்கு பெரிதாகத் தெரிந்தது.

பக்கச் சுவர்களில் குமிழ் வெளியே பார்த்து நிற்க வேண்டும் என்றால் கட்டைகளைப் படுக்கப் போட வேண்டும். அதற்கு ஐந்து பிளேட் கணக்கு உதவும். ஐந்து பிளேட்டை அடுக்கினால் 16 மி.மீ. இரண்டு குமிழ் அகலமும் 16 மி.மீ. ஆகவே நின்ற கட்டையும் படுத்த கட்டையும் இடைவெளி இல்லாமல் ஒட்டிக்கொள்ளும். இதை முதல்முறை கையால் செய்து பார்த்த அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை.

சந்தேகத்தின் வரிசை

சரி, தொய்வு. மூக்கு முனையிலிருந்து வால் முனைக்கு நூல் பிடித்து அளந்தேன். நடுவில் 11 மி.மீ. இறங்கியிருந்தது.

முதலில் வெயிலைத்தான் சந்தேகப்பட்டேன். எங்கள் மாடியறைக்குத் தகரக் கூரை. சித்திரையில் மதுரையில் 40 டிகிரி சாதாரணம், தகரத்துக்குக் கீழே இன்னும் கூட. கட்டை செய்யும் ஏபிஎஸ் பிளாஸ்டிக் இளகுவதற்கு 100 டிகிரி வாக்கில் வேண்டும், அதெல்லாம் தெரியும். ஆனால் சூட்டில் தொடர்ந்து பாரம் தாங்கும் பிளாஸ்டிக் மெல்ல மெல்ல நெகிழும். அதுதான் காரணம் என்று முடிவு கட்டிவிட்டேன். வெயிலைக் குற்றம் சொன்னால் நம் மேல் பழி வராது இல்லையா?

மகள் நம்பவில்லை. பள்ளியில் அப்போதுதான் சோதனை, ஒப்பீட்டுச் சோதனை என்று படித்திருந்தாள். 100 குமிழ் நீளத்தில் ஒரே மாதிரி இரண்டு உத்தரம் கட்டினோம். இரண்டின் நடுவிலும் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் தொங்கவிட்டோம். ஒன்று மாடியில், ஒன்று கீழே ஃபேன் ஓடும் கூடத்தில். மூன்று வாரம் கழித்து மாடியில் இருந்தது 4 மி.மீ. தொய்ந்திருந்தது, கூடத்தில் இருந்தது 3.5. வெயிலுக்குப் பங்கு உண்டு, ஆனால் அரை மில்லிமீட்டர் பங்குதான்.

அடுத்து பிளேட்டுகள். புதூரில் லேத் பட்டறை வைத்திருக்கும் நண்பரிடம் ஒரு கை நிறைய எடுத்துக்கொண்டு போனேன். வெர்னியரில் வைத்துப் பார்த்தார். பதினாறு குமிழ் பிளேட் கணக்குப்படி 128 மி.மீ. ஆனால் பக்கத்துத் துண்டோடு முட்டாமல் இருக்க லெகோவில் 0.2 மி.மீ. குறைத்து 127.8 ஆக வார்த்திருக்கிறார்கள். நான் வாங்கிய மற்ற நிறுவனத்தின் பிளேட் 128.1. தலைமுடி மொத்தம்தான் வித்தியாசம். ஆனால் கப்பலின் அடிப்பக்கம் அந்தப் பிளேட்டுகளில் பதின்மூன்றை வரிசையாக வைத்திருந்தேன். ஒவ்வொன்றும் தன் இடத்தைவிட 0.1 மி.மீ. நீளம். பதின்மூன்றும் சேர்ந்து 1.3 மி.மீ. மேல்வரிசை சரியான நீளம், கீழ்வரிசை கொஞ்சம் கூட. வெயிலில் காயும் அப்பளம் ஒரு பக்கமாகச் சுருள்வது போல, கப்பலுக்குள் முதுகெலும்பாக ஓடும் மொத்தத் தண்டும் வளைந்தே தீரும். தண்டின் உயரம் 5 சென்டிமீட்டர் என்று வைத்துக் கணக்குப் போட்டால், இது மட்டுமே 5 மி.மீ. தொய்வைக் கொடுக்கும். குமிழ்கள் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும் என்பதால் அதைவிடக் குறையலாம்.

பிளேட்டுக்கு ஐந்து, வெயிலுக்கு ஏதோ கொஞ்சம். பாக்கி எங்கே போனது?

கப்பலைக் கணினியில் வரைந்த ஸ்டூடியோ என்ற இலவச மென்பொருளைத் திறந்து உட்கார்ந்தேன். கட்டை மேல் கட்டை மோதினால் அது காட்டும், சரியாகப் பிடிக்காத இணைப்பைக் காட்டும், எந்த நிறத்தில் எத்தனை துண்டு வேண்டும் என்று பட்டியலும் தரும். ஆறு வாரம் நின்றால் முதுகு என்னாகும் என்று சொல்லாது. திரையில் எல்லாம் பச்சையாகவே இருந்தது.

மாமா வந்தார்

என் தாய்மாமா செல்லூரில் முப்பத்தைந்து வருடம் பந்தல் போட்டவர். கல்யாணப் பத்திரிகை கொடுக்க வந்தவர், மாடியில் என்ன சத்தம் என்று ஏறி வந்தார். கப்பலைச் சுற்றி ஒரு நடை நடந்தார். குனிந்து அடிப்பக்கம் பார்த்தார்.

“ஒட்டு எங்க போட்டிருக்க?”

“நடுவுல, மாமா.”

“காலு?”

“ரெண்டு ஓரத்துலயும்.”

கொஞ்ச நேரம் பேசவில்லை. “பந்தக்காரன் மருமகன்னு வெளிய சொல்லிக்கிறாத மாப்ள.”

எனக்கு மேசை மூன்றடிதான். அதனால் கப்பலை 104 குமிழ் வீதம் இரண்டு பாதியாகக் கட்டி, கடைசியில் நடுவில் சேர்த்திருந்தேன். மேல் இரண்டு அடுக்குப் பிளேட்டு மட்டும்தான் அந்த இடத்தைத் தாண்டிப் போகிறது. கீழே வெட்டியது போல நேர்கோட்டில் இணைப்பு. அதை இரண்டு முனையிலும் ஸ்டாண்டு போட்டு நிறுத்தியிருந்தேன், பார்க்க அழகாக இருக்கும் என்று.

“ஏணிய ரெண்டு பேரு தூக்குனா ஓரத்தையா பிடிப்பீங்க? அங்கிட்டும் இங்கிட்டும் கொஞ்சம் உள்ள தள்ளித்தானே பிடிப்பீங்க? காலை உள்ள தள்ளு. ஒட்டைக் கொண்டுபோயி காலுக்குப் பக்கத்துல வையி. நடுவுல ஒரே கம்பா ஓடணும்.” பத்திரிகையைக் கொடுத்துவிட்டு, காபி குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டார்.

அன்றைக்கு ராத்திரி பொறியியல் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். மாமா சொன்னதுதான் எண்ணாக இருந்தது. சீரான பாரம் உள்ள உத்தரத்தை இரண்டு முனையில் தாங்கினால், வளைக்கும் அழுத்தம் நடுவில்தான் உச்சம். நான் ஒட்டுப் போட்ட அதே இடம். ஸ்டாண்டுகளை ஒவ்வொரு முனையிலிருந்தும் நீளத்தில் 0.207 பங்கு உள்ளே தள்ளினால், அந்த உச்சம் ஆறில் ஒரு பங்காகக் குறைகிறது. 208 குமிழுக்கு அது 43-வது குமிழ்.

அதைவிடச் சுவாரஸ்யமானது இன்னொன்று. ஸ்டாண்டுக்கு மேலே உத்தரம் மேல்நோக்கி வளையும், நடுவில் கீழ்நோக்கி வளையும். ஒன்று மற்றதாக மாறும் இடத்தில் எந்த வளைவும் கிடையாது. அந்த இடம் முனையிலிருந்து 61-வது குமிழில் வந்தது. ஒட்டுப் போட அதைவிட நல்ல இடம் இல்லை. “காலுக்குப் பக்கத்துல” என்று மாமா கையைக் காட்டிய இடமும் ஏறக்குறைய அதுதான்.

மறுபடி கட்டியது

முழுவதையும் பிரித்தோம். தோல் தட்டுகளை மட்டும் அப்படியே கழற்றி, கடையிலிருந்து கொண்டுவந்த புடவை அட்டைப்பெட்டிகளில் அடுக்கினேன். ஒவ்வொரு பெட்டியிலும் எண்.

புதிய தண்டு மூன்று துண்டு. மூக்கு 60 குமிழ், நடு 88, வால் 60. முன்பு 5 சென்டிமீட்டர் உயரமாக இருந்ததை 8 ஆக்கினோம். உத்தரத்தின் விறைப்பு, உயரத்தை மூன்று முறை பெருக்கிய கணக்கில் (உயரம் × உயரம் × உயரம்) ஏறும் என்பதால் மூன்று சென்டிமீட்டர் கூட்டியதற்கே நான்கு மடங்கு கிடைத்தது. உயரத்தில் செலவழிக்கும் கட்டை வீண் போகாது. அகலத்தில் கூட்டியிருந்தால் இந்த லாபம் வந்திருக்காது.

உள்ளே டெக்னிக் கட்டைகள். பக்கவாட்டில் துளை உள்ளவை. இவற்றை ஒன்றன்மேல் ஒன்று வெறுமனே அடுக்கினால் துளைகள் 9.6 மி.மீ. இடைவெளியில் வரும், எந்தப் பட்டைக்கும் பொருந்தாது. நடுவில் இரண்டு பிளேட் வைத்தால் 9.6-உம் 6.4-உம் சேர்ந்து 16. இரண்டு குமிழ் இடைவெளி. இப்போது செங்குத்தாக ஒரு துளைப் பட்டையை வைத்துக் கறுப்பு ஊசிகளைச் செருகலாம். ‘டக்’ என்று ஒரு சத்தம் கேட்கும். அந்த அடுக்கை இனிமேல் மேலே இழுத்துப் பிரிக்க முடியாது, ஊசி உடைந்தால்தான் உண்டு. கட்டையின் பிடிமானத்தை நம்பி நின்ற தண்டு இப்போது பூட்டை நம்பி நின்றது.

தண்டின் இரண்டு கம்பிகளுக்கும் நடுவே ஆறு குமிழ் இடைவெளி, எட்டுக் குமிழுக்கு ஒரு குறுக்குப் படி. ஏணி மாதிரி. ஏணி மட்டும் என்றால் முறுக்கினால் சாயும், மூலைக்கு மூலை கட்டை வேண்டும். ஆறு, எட்டு என்றால் குறுக்கே பத்து. கொத்தனார் மூலைமட்டம் பார்க்க மூன்றடி, நாலடி, ஐந்தடி என்று கயிறு பிடிப்பாரே, அதே கணக்கின் இரட்டிப்பு. பதினொரு துளைப் பட்டை அச்சாகப் போய் உட்கார்ந்தது. பதினொரு துளை ஏன் என்றால், பத்து இடைவெளிக்குப் பதினொரு துளை வேண்டும். இதில் நான் இரண்டு முறை தப்பாக எண்ணிப் பத்துத் துளைப் பட்டையைத் தேடி அலைந்தேன்.

நடுவில் ஒரு அலுமினியச் சதுரக் குழாயைச் செருகிவிடலாமே என்று பலர் சொன்னார்கள். 2013-ல் நியூயார்க்கின் டைம்ஸ் சதுக்கத்தில் 53 லட்சம் கட்டைகளால் நிறுத்திய பிரம்மாண்ட விண்விமானத்துக்குள்ளும் எஃகுச் சட்டம்தான் இருந்தது. நியாயமான யோசனைதான். ஆனால் ஏபிஎஸ் சூட்டில் அலுமினியத்தைவிட மூன்று மடங்குக்கு மேல் விரியும். 1.66 மீட்டரில் பகலுக்கும் இரவுக்கும் 15 டிகிரி மாறினால் இரண்டுக்கும் நடுவே ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீட்டர் இழுபறி, தினமும். எல்லாமே ஒரே பிளாஸ்டிக் என்றால் சேர்ந்து விரியும், சேர்ந்து சுருங்கும், யாருக்கும் சண்டை இல்லை. இது நான் வெளியில் சொல்லும் காரணம். உள்ளே வேறு பொருள் வைத்தால் ஏமாற்றுவது மாதிரி இருக்கும் என்பதுதான் நிஜமான காரணம்.

மற்ற நிறுவனத்தின் பிளேட்டுகளைத் தண்டிலிருந்து ஒன்று விடாமல் எடுத்தேன். தோலில் அவை இன்னும் இருக்கின்றன. அங்கே பாரம் இல்லை, அவற்றால் ஒரு கெடுதலும் இல்லை.

முடிந்ததும் சமையலறைத் தராசில் ஒவ்வொரு துண்டாக நிறுத்தோம். மூக்கு 3.9 கிலோ, நடு 6, வால் 4.8. மொத்தம் 14.7. வாலில் எட்டு எஞ்சின் இருப்பதால் கனம். அதனால் பின் ஸ்டாண்டை 43-லிருந்து 38-வது குமிழுக்குத் தள்ள வேண்டியிருந்தது. இதற்குச் சூத்திரம் எதுவும் போடவில்லை. நூல் பிடித்து, தள்ளி, மறுபடி நூல் பிடித்து, நாலு தடவையில் சரியானது. நடுவில் தொய்வு ஒன்றரை மில்லிமீட்டர்.

மாடிப்படி

மூன்று துண்டாகப் பிரிந்ததில் நான் எதிர்பார்க்காத ஒரு லாபம். எங்கள் மாடிப்படி இரண்டரை அடி அகலம், பாதியில் ஒரு திருப்பம். பழைய கப்பல் முழுசாக அந்தத் திருப்பத்தில் இறங்கியிருக்கவே இருக்காது. மூன்று வருடம் கட்டும்போது ஒரு நாள்கூட இதை யோசிக்கவில்லை என்பதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

2025 ஜனவரியில் ஒரு பள்ளிக்கூடக் கண்காட்சிக்குக் கேட்டார்கள். குட்டியானை ஒன்றை வாடகைக்குப் பிடித்து, மெத்தை விரித்து, மூன்று துண்டையும் படுக்கவைத்தோம். மகள் பின்னால் உட்கார்ந்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். கோரிப்பாளையம் தாண்டும் வரை நான் எண்ணிய வேகத்தடைகள் ஒன்பது. ஒவ்வொன்றுக்கும் பின்னாலிருந்து, “அப்பா, மெதுவா” என்று குரல். வண்டி ஓட்டிய தம்பி கடைசியில் கேட்டார், “அண்ணே, உள்ள என்ன, சாமி சிலையா?”

அங்கே போய்ச் சேர்த்து நிறுத்த இருபது நிமிடம். ஒட்டுக்கு எட்டு ஊசி, இரண்டு ஒட்டுக்குப் பதினாறு. நூல் பிடித்தோம். இரண்டு மில்லிமீட்டர். உதிர்ந்தவை: ஒரு எஞ்சின் மூடி, மூக்கில் இருக்கும் ஆன்டெனா. மூடியை மாட்டிவிட்டோம். ஆன்டெனா மட்டும் இன்றைக்கு வரை ஒவ்வொரு பயணத்திலும் விழுகிறது. அதை ஒரே ஒரு குமிழில் நிறுத்தியிருக்கிறேன், மாற்றிக் கட்டச் சோம்பல்.

இப்போது கப்பல் கீழே கூடத்தில் நிற்கிறது. ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு நூல் பிடித்து, அளவைச் சுவரில் பென்சிலால் எழுதுகிறாள் மகள். ஜனவரி 2. பிப்ரவரி 2. மார்ச் 2. ஏப்ரல் 2.5. மே 2.5. ஜூன் 2.5. ஏப்ரலுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு சூரியன் வரைந்திருக்கிறாள்.